சனிக்கிழமை டோக்கன், ஞாயிற்றுக்கிழமை பூசை: ராமநாதபுரம் கரையில் ஓய்வுநாள்

ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். திங்கள், புதன், சனி. காலையில் மீன்வளத் துறையிடம் டோக்கன் என்கிற அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினால், இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு மறுநாள் காலையில் கரை சேரும். மீதி நாலு நாளும் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. எழுபதுகளில் இழுவை வலை வந்து நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போனதும், அதனால் அடிதடியும் படகு எரிப்பும் நடந்ததும் பாக் நீரிணைக் கரை முழுக்கத் தெரிந்த கதை. அந்தச் சண்டையிலிருந்து பேசிப் பேசி உருவான ஏற்பாடு இது.

இந்த அட்டவணையில் சனிக்கிழமையை மட்டும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சனிக்கிழமை போன படகு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறது. கிறிஸ்தவக் கோயிலில் பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் இறாலைத் தனியாக, நண்டைத் தனியாக, கணவாயைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஏலம் முடிய வேண்டும், ஐஸ் போட வேண்டும், லாரி கிளம்ப வேண்டும். படகைக் கழுவிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் முந்தின இரவு தூங்காதவர். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வேர்க்கோடு, ஓலைக்குடா என்று தீவு முழுக்கக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய மூன்றாம் கட்டளையைச் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும், கடமையாக அனுசரிக்க வேண்டிய கடன் திருநாட்களிலும் முழுப்பூசை காண வேண்டும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அப்புறம் எப்படி இந்த அட்டவணையோடு வாழ்கிறார்கள்?

"விசுவாசம் குறைந்துவிட்டது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் அந்தப் பதிலை ஏற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது தனி மனிதரின் பக்தியால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. கடலில் நிச்சயமாக இல்லை. அது எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்டால்தான் நிற்கும். இதைப் பழைய சபை வரலாறு நன்றாகவே தெரிந்து வைத்திருந்தது, நாம்தான் மறந்துவிட்டோம்.

வேதாகமத்தில் பத்துக் கட்டளைகள் இரண்டு இடத்தில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு இரண்டு இடத்திலும் இரண்டு வேறு காரணம் சொல்லப்படுகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில், ஆறு நாளில் உலகைப் படைத்த கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், அதனால் நீயும் ஓய்ந்திரு என்று இருக்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் காரணமே வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், உன்னைக் கடவுள் விடுவித்தார். ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும், உன் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்று வேலை கிடையாது. முதல் காரணத்தைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கலாம். இரண்டாவது அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. படகு முதலாளிக்கு உரைக்க வேண்டியது இரண்டாவதுதான். அவர் ஞாயிறன்று வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிடலாம். அவர் படகில் போன டிரைவரும் கூலிக்குப் போன நாலைந்து பேரும் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று உபாகமம் கேட்கிறது.

இந்த ஓய்வுநாள் யூதர்களுக்குச் சனிக்கிழமை. வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி சூரியன் மறைவது வரை. இயேசு உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாளில் கிறிஸ்தவர்கள் கூடத் தொடங்கினார்கள். முதல் முந்நூறு ஆண்டுகளுக்கு ஞாயிறு அவர்களுக்குக் கூடும் நாளாக இருந்ததே ஒழிய, விடுமுறை நாளாக இருக்கவில்லை. ரோமப் பேரரசில் அன்று எல்லாருக்கும் வேலை உண்டு. சபையில் இருந்தவர்களில் பலர் அடிமைகள், கைவினைஞர்கள், கூலிக்காரர்கள். இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, ஏறக்குறைய 112இல் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடிவிட்டுக் கலைகிறார்கள் என்று எழுதினார். விடியுமுன் கூடியதற்கு, விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும் என்பதைத் தவிரப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஞாயிறை ஓய்வுநாளாகச் சட்டம் போட்டவர் கான்ஸ்டண்டைன். 321 மார்ச் 7ஆம் தேதி வந்த ஆணை: நீதிபதிகளும் நகரத்து மக்களும் பட்டறைக்காரர்களும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் அதே ஆணையில் விவசாயிகளுக்கு விலக்கு இருந்தது. விதைப்பதற்கும் திராட்சை நடுவதற்கும் ஏற்ற நாள் ஞாயிறாகவே அமைந்துவிடலாம், அந்த நேரத்தைத் தவறவிட்டால் வானம் தந்ததை இழக்க நேரும் என்பது காரணம். அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு திருத்தம் வந்தது. ஞாயிறன்று வழக்காடு மன்ற வேலைகள் கூடாது, ஆனால் அடிமையை விடுதலை செய்யும் பத்திரத்தை மட்டும் எழுதலாம் என்று. உபாகமத்தின் வாசனை அதில் அடிக்கிறது.

விவசாயிக்கு வானம் என்றால் மீனவனுக்குக் காற்றும் நீரோட்டமும் நிலவும். பாம்பன் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்பக்கம் ஆண் கடல் ஆள் போக விடாது. வாடைக் காலத்தில் வடபக்கம் குமுறும். புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு பக்கமும் டோக்கன் கிடையாது. இப்படிக் கடல் தருகிற நாட்களை எண்ணிப் பார்த்துப் பிழைக்கிறவனிடம், காற்று அமர்ந்திருக்கும் ஞாயிறன்று கரையில் இரு என்பது சாதாரணக் கோரிக்கை இல்லை.

இதற்கு நேராக ஒரு பழைய தீர்ப்பே இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்வே நாட்டு ட்ரொண்ட்ஹைம் பேராயருக்குத் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் எழுதிய பதில் அது. வடகடலோர மக்களுக்கு ஹெர்ரிங் மீன்தான் பிழைப்பு. நம் கரையில் சூடை, பேசாளை என்கிறோமே, அவற்றுக்குச் சொந்தக்கார மீன். கூட்டமாகக் கரையோரம் வரும், ஒதுங்கிப் போய்விட்டால் போனதுதான். அது ஞாயிறன்று வந்தால் என்ன செய்வது? பிடிக்கலாம் என்றார் திருத்தந்தை. மூன்று நிபந்தனைகள்: மக்களுக்குத் தேவை இருக்க வேண்டும், பெருந்திருநாட்களில் கூடாது, பிடித்ததில் தகுந்த பங்கை அக்கம்பக்கத்துக் கோயில்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிட வேண்டும். 1234இல் ஒன்பதாம் கிரகோரியார் வெளியிட்ட சபைச் சட்டத் தொகுப்பில் இந்தப் பதில் இடம்பெற்று, பல நூற்றாண்டுகள் சட்டமாகவே இருந்தது.

அந்த மூன்றாவது நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. ஞாயிறு மீனை முழுக்கத் தன் லாபமாக வைத்துக்கொள்ள முடியாது என்றால், லாபத்துக்காக ஞாயிறன்று கடலுக்குப் போகிற ஆசை தானாகவே குறைந்துவிடும். தேவைக்குப் போகிறவன் போவான். பிடித்த மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு ஒதுக்குவது நம் கரை ஊர்களுக்குப் புதிதில்லை. ஏழைகளுக்கான பங்கைத்தான் காணோம்.

இந்தக் கரையில் கிறிஸ்தவம் வேரூன்றியது 1530களில், முத்துக்குளிக்கும் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், கொச்சியிலிருந்து 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், ஞாயிறுதோறும் ஆண், பெண், சிறுவர், பெரியவர் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டி அவர்களுடைய மொழியிலேயே செபங்களைச் சொல்ல வைப்பதாக விவரிக்கிறார். அவருடைய தோழர் அந்தோணி கிரிமினாலி மண்டபம் பக்கத்து வேதாளையில் 1549இல் கொல்லப்பட்டார். ஆக, ஞாயிறு இந்த மணலுக்குள் ஐந்நூறு ஆண்டுகளாக ஊறிக் கிடக்கிறது. முதலில் அது வந்து சேர்ந்ததும் கூடுகிற நாளாகத்தான். வேலையை விடுவது கூடுவதற்காக. ஒருவன் மட்டும் தனியே ஓய்ந்திருப்பது அன்றைக்கு யார் மனதிலும் இருந்திருக்காது.

கடற்கரை ஊர்களில் அந்தக் கூட்டு ஏற்பாட்டுக்குப் பெயர் ஊர்க் கட்டுப்பாடு. ஞாயிறன்று ஊரில் யாரும் வலை போடக் கூடாது என்று கமிட்டி முடிவெடுத்தால், மீறிப் போனவருக்கு அபராதம். நகரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது மத வற்புறுத்தலாகத் தெரியலாம். சில சமயம் அப்படி ஆகிவிடுவதும் உண்டு, குறிப்பாக ஊரில் வேறு சபைக்கோ வேறு மதத்துக்கோ உரியவர்கள் இருக்கும்போது. ஆனால் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஒரு பொருளாதாரக் கணக்கு இருக்கிறது. பத்துப் படகு கரையில் நிற்க, ஒரு படகு மட்டும் போனால், அந்த ஒரு படகுக்கு மீனும் கிடைக்கும், வரத்துக் குறைந்த சந்தையில் விலையும் கிடைக்கும். அடுத்த வாரம் மூன்று படகு போகும். ஒரு மாதத்தில் ஞாயிறு கரைந்துவிடும். பக்தியுள்ளவன் மட்டும் கரையில் உட்கார்ந்து நஷ்டப்படுவான். முன்பணம் கொடுத்த வியாபாரி அவனிடம் வந்து, "என்னப்பா, அவன் மட்டும் போறான், உனக்கென்ன?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க ஊரால்தான் முடியும்.

சொல்லப்போனால் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்பதும் ஊர்க் கட்டுப்பாட்டின் பெரிய வடிவம்தான். அது மதத்துக்காக ஏற்பட்டதில்லை. ஆனால் ஓய்வுநாள் எப்படிச் சாத்தியமாகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டி வைக்கும் தடைக்காலமும் அப்படித்தான். எல்லாரும் நிற்கிறார்கள், அதனால் ஒருவரால் நிற்க முடிகிறது. ஏழாம் ஆண்டு நிலத்துக்கும் ஓய்வு கொடு என்கிற லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போது எனக்கு இந்த 61 நாள்தான் நினைவுக்கு வரும்.

சரி, விசைப்படகு வாரத்தில் நாலு நாள் சும்மாதானே நிற்கிறது, அதை ஓய்வாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். கரையில் நிற்கிற நாளில் கிழிந்த வலையைத் தைக்க வேண்டும், எஞ்சின் பார்க்க வேண்டும், டீசலுக்குப் பணம் புரட்ட வேண்டும், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகுக்கோ ஆளுக்கோ அலைய வேண்டும். வேலைநிறுத்த நாட்களில் வருமானமும் இல்லை, நிம்மதியும் இல்லை. வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் நாளில் மனிதனுக்கு இளைப்பாறல் கிடைப்பதில்லை, கவலைதான் கிடைக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஞாயிறன்று எதை விலக்க வேண்டும் என்று சொல்லும்போது, வழிபாட்டையும், ஆண்டவரின் நாளுக்குரிய மகிழ்ச்சியையும், உடலுக்கும் உள்ளத்துக்கும் தேவையான இளைப்பாறலையும் தடுக்கிற வேலைகள் என்கிறது. மகிழ்ச்சி என்பது சட்டப் புத்தகத்துக்குள் வருவது அபூர்வம். கடன்காரர் வாசலில் நிற்கிற புதன்கிழமையை எந்தக் கணக்கில் அந்த மகிழ்ச்சியோடு சேர்ப்பது?

அரசாங்கச் சட்டமும் இங்கே உதவாது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890இல், நாராயண் மேகாஜி லோகண்டே நடத்திய நீண்ட போராட்டத்தின் பலனாக. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுப்பை உறுதிப்படுத்தியது. மீனைப் பொறுத்துக் கூலி வாங்கும் படகுத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அவருக்கு ஊர் கொடுத்தால்தான் ஓய்வு.

நாட்டுப்படகுக்காரர்களின் நிலைமை இன்னும் சிக்கல். விசைப்படகு சனி இரவு கடலில் இருக்கிறது, அதனால் அன்றிரவு வலை விரித்தால் அறுபடும் பயம் உண்டு. ஞாயிறு காலையில் அவை கரைக்கு வந்துவிட்டால், திங்கள் காலை வரை கடல் அமைதி. வலையைப் பயமில்லாமல் விரிக்க ஞாயிறு இரவு நல்ல இரவு. அதைவிட்டால் செவ்வாய், வியாழன், வெள்ளி இரவுகள்தான். காலையில் பூசை கண்டுவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, பொழுது சாயப் படகைத் தள்ளுகிறவர்களைப் பார்த்து "ஞாயிறு பூசை கண்ட கையோடு கடலுக்கா?" என்று முகம் சுளிப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. 794இல் பிராங்க்பர்ட்டில் கூடிய ஆயர்களின் திருச்சங்கம் ஞாயிறை மாலையிலிருந்து மாலை வரை அனுசரிக்க வேண்டும் என்று விதித்தது. சனி சாயங்காலமே ஞாயிறு தொடங்கிவிடுகிறது என்பதால்தான் இன்றைக்கும் சனி மாலைப் பூசை ஞாயிறு கடனுக்குப் போதும் என்கிறது சபைச் சட்டம். அந்தப் பழைய கணக்கில் சனி சாயந்தரம் கரையேறி ஞாயிறு சாயந்தரம் இறங்குகிறவர் ஒரு முழு நாளை ஓய்ந்துவிட்டார்.

பெந்தேகோஸ்தே சபைகளிலும் சில சீர்திருத்த சபைக் குடும்பங்களிலும் இந்த நெகிழ்வு கிடையாது. ஞாயிறன்று கடை இல்லை, பயணம் இல்லை, கடல் இல்லவே இல்லை என்று இருப்பவர்களை மரியாதையோடுதான் பார்க்கிறேன். சனிக்கிழமையே ஓய்வுநாள் என்று பிடிவாதமாக இருந்தவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. 1857இல் திருநெல்வேலிச் சீமையில் சட்டம்பிள்ளை என்ற அருமைநாயகம் ஐரோப்பிய மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபை சனிக்கிழமையைத்தான் அனுசரித்தது. பிறகு வந்த ஏழாம் நாள் அட்வெந்து சபையும் சனிதான். இவர்களில் ஒருவர் ராமேஸ்வரத்தில் விசைப்படகு வைத்திருந்தால் வாரத்தின் மூன்று டோக்கன்களில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது கரைக்கு வெளியே இருக்கிற நம்மைப் பற்றியது. பரமக்குடியிலும் மானாமதுரையிலும் மதுரையிலும் ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். கறியோ மீனோ இல்லாமல் ஞாயிறு எப்படி ஞாயிறாகும்? கிறிஸ்தவ வீடுகளில் பூசை முடிந்து வருகிற வழியிலேயே மீன் வாங்குகிற பழக்கம் உண்டு. அந்த மீன் முந்தின இரவு யாரோ தூங்காமல் இழுத்தது, அன்று காலை யாரோ பூசைக்குப் போகாமல் பிரித்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இதைத் தொட்டுச் சொல்கிறது: ஆண்டவரின் நாளைப் பிறர் அனுசரிக்கத் தடையாக இருக்கும் தேவையற்ற கோரிக்கைகளை ஒவ்வொரு கிறிஸ்தவரும் தவிர்க்க வேண்டும் என்று. வஞ்சிர மீன் தேவையுள்ள கோரிக்கையா, தேவையற்றதா? நானும் மீன் தின்கிறவன்தான், தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குள் வந்தால், ஞாயிறன்று ஆண்கள் ஓய்ந்திருக்கிற நேரத்தில் பெண்களுக்கு வேலை கூடுகிறது. ஆறு நாளும் கருவாடு காயப்போட்டு, கூடை சுமந்து விற்று, அமாவாசை பௌர்ணமி நீரோட்டம் பார்த்துத் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவர், ஏழாம் நாள் விருந்துச் சமையல் செய்கிறார். யாத்திராகமம் 20இல் வேலை செய்யக் கூடாதவர்கள் பட்டியலில் நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, அந்நியன் எல்லாரும் உண்டு, மனைவி மட்டும் இல்லை. "நீ" என்பதிலேயே அவளும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கத்தை அடுப்படி வரைக்கும் கொண்டுபோனவர்களைப் பார்ப்பது அரிது. "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்கிற மாற்கு 2:27ஐக் கடலுக்குப் போக அனுமதி கேட்க மேற்கோள் காட்டுகிற ஆண்கள், அதையே வைத்து ஒரு ஞாயிறாவது முந்தின நாள் குழம்பில் முடித்துக்கொள்ளலாம்.

மீண்டும் அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். அதை மாற்ற முடியாதா? திங்கள், புதன், வெள்ளி என்று வைத்தால் படகு சனி காலையில் வந்துவிடும், ஞாயிறு முழுசாகக் கிடைக்கும். கேட்க எளிது. ஆனால் இந்தக் கரையில் தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று முஸ்லிம் மக்கள் நிறைந்த ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஜும்மாவுக்காக வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாதவர்கள் உண்டு. வெள்ளியன்று படகு கிளம்பினால் நம் ஓய்வுநாளை மீட்க அவர்கள் நாளை எடுத்துக்கொண்டதாகும். வியாபாரிகளும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஞாயிறு சந்தைக்குப் போகிற மீன் ஒரு நாள் கூடுதலாக ஐஸில் கிடக்கும். நாட்டுப்படகுச் சங்கங்களும் வெள்ளி இரவுக்குப் பதிலாகச் சனி இரவை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். ஆக, கத்தோலிக்கக் கமிட்டிகள் மட்டும் உட்கார்ந்து தீர்மானம் போட்டால் நடக்காது. எல்லாச் சங்கமும், எல்லா மதத்துக்காரர்களும், மீன்வளத் துறையும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நாட்களில் படகுகள் மீன்பிடிக்கப் போகாமல் நிற்பதைப் பார்க்கிறோம், ஆகவே எல்லாரும் சேர்ந்து நிற்பது முடியாத காரியம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை நிற்பதும் வாரம் தவறாமல் நிற்பதும் ஒன்றல்ல.

அதுவரை பங்குத்தந்தையால் செய்ய முடிந்தது பூசை நேரத்தை யோசித்து வைப்பது. விசைப்படகு ஆட்களுக்கு ஞாயிறு காலைப் பூசை வைத்துப் பயனில்லை, சனி மாலைப் பூசையும் உதவாது, அப்போது அவர்கள் நடுக்கடலில். அவர்களுக்கு ஞாயிறு மாலைப் பூசைதான் வழி. நாட்டுப்படகுக்காரர்கள் அந்த நேரத்தில்தான் படகைத் தள்ளுகிறார்கள், அவர்களுக்குக் காலைப் பூசை வேண்டும். ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட அண்ணன் ஒரு படகிலும் தம்பி இன்னொரு படகிலும் போகிற ஊர்களில் இரண்டு பூசையுமே வைக்க வேண்டியிருக்கிறது.